நடுவில் ஒன்றரை அடி குறைந்தது

ஜெசிந்தா இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை, நாகல் நகரில் அவருடைய வீட்டில், தங்கை ரெஜினா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது. வயிற்றில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எனக்குத் தகவல் வந்தபோது பட்டறையில் கோயம்புத்தூர் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா போனில் அழவில்லை. "அண்ணே, அக்கா போயிருச்சு" என்றார். பிறகு, "போன்ல அந்தக் கணக்கு அப்படியே இருக்கு. நான் எதையும் தொடலண்ணே" என்றார். முதல் வாக்கியத்தை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இரண்டாவதைக் கேட்டதும் இறக்கி வைத்திருந்த சரக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா போன கையோடு, பிழைப்பும் போய்விடுமோ என்று அந்தப் பெண்ணுக்கு வந்த பயம் அது.

நான் லாரி மேல் ஏற்றும் டேங்க் செய்து விற்பவன். சின்னாளப்பட்டிக்கு முன்னால் மதுரை ரோட்டில் பட்டறை. பழைய பீப்பாய் வாங்கி விற்றுத் தொடங்கிய தொழில். இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் திண்டுக்கல்லில் இந்தத் தொழில் பார்க்கும் நம்மில் பலருக்கு ஜெசியைத் தெரியும். பெயர் தெரியாதவர்கள்கூட, "உன் கணக்கம்மாகிட்ட ஒரு அளவு கேட்டுச் சொல்லேன்" என்று என்னிடம் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நமக்குள் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பால் லாரி டேங்க் முழு வட்டமாக இருக்காது. மேலிருந்து அமுக்கினது போல் உயரம் குறைந்து, அகலம் கூடியிருக்கும். படித்தவர்கள் நீள்வட்டம் என்பார்கள், நமக்குச் சப்பை டேங்க். இரண்டு முனையையும் அடைக்கும் மூடிகள் வெளியூரில் அச்சில் அழுத்திச் செய்து வரும். தகட்டை வளைத்து அந்த மூடியின் விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். மூடி கையில் இருந்தால் கவலை இல்லை. கட்டுக்கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் நீட்டி, டேப் வைத்துவிடலாம். மூடி வருவதற்கு முன்பே தகட்டுக் கடைக்கு நீளம் சொல்ல வேண்டுமானால்தான் வம்பு. அகலத்தையும் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, வட்டக் கணக்குப் போட்டு, பயத்துக்கு நாலு விரல் சேர்த்துச் சொல்லுவோம். மிஞ்சுவதை வெட்டி எடைக்குப் போடுவோம். எவர்சில்வர் தகட்டை எடைக்குப் போடும்போது வயிறு எரியும்.

அப்படி ஒருநாள் எங்கள் ஃபோர்மேன் மொக்கைச்சாமி அண்ணன் முட்டி போட்டு மூடியைச் சுற்றிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜெசி முதல் தடவையாகப் பட்டறைக்குள் வந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வந்து, அம்மாவும் போன பிறகு ஊரிலேயே தங்கிவிட்டவர். வீட்டு மாடிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி விலை கேட்க வந்தார்.

"என்னண்ணே, டேங்குக்கு அரைஞாண் கட்டுறீங்களா?"

மொக்கைச்சாமி அண்ணன் தலையைத் தூக்காமலே, "வாம்மா, இடுப்பளவு நீதான் சொல்லேன்" என்றார்.

"அகலமும் உயரமும் சொல்லுங்க, சாயங்காலம் சொல்றேன். இதுக்கு வேணாம், இதைத்தான் கட்டிப்பிடிச்சு வச்சிருக்கீங்களே. மூடி இன்னும் வராத டேங்க் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. அளவு கொடுத்தேன். மாலையில் போனில் தகட்டு நீளம் இவ்வளவு என்று ஓர் எண் வந்தது. மூடி வந்ததும் மொக்கைச்சாமி அண்ணன் கம்பி சுற்றினார். நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினார். வெல்டிங் வைக்க விடும் இடைவெளிகூட வித்தியாசம் இல்லை. "ஏ அப்பு, அந்தப் பொண்ணு மூடிய முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்திருக்கு" என்றார்.

அந்த ஃபார்முலாவைக் கொடு என்று கேட்டேன். வியாபாரி கேட்பானா மாட்டானா? ஜெசி சிரித்தார்.

"ஃபார்முலா இருந்தாத்தானே குடுக்க? வட்டத்துக்கு பைன்னு அந்த மூணு புள்ளி ஒண்ணு நாலு போதும். கொஞ்சம் சப்பையானாப் போதும், அப்படிச் சுருக்கமா ஒண்ணும் கிடையாது. துண்டு துண்டாக் கூட்டிக்கிட்டே போகணும். அந்த வேலையப் பெரியவங்க செஞ்சு, கம்ப்யூட்டர் மொழியோட சேர்ந்து வர்ற நூலகத்துல பேர் போட்டு வச்சிருக்காங்க. நான் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். அம்புட்டுத்தான்."

"அப்ப உன் வேலை என்ன, உனக்கு எதுக்குக் காசு?"

"சரியாக் கூப்பிடுறதுக்கு."

அவர் எழுதியது சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில். அந்த மொழியின் நூலகம் என்னும் கணக்குத் தொகுப்பிலேயே காமா, பெஸல் என்று என்னென்னவோ பெயர்களில் இந்த மாதிரி அடங்காத கணக்குகள் கிடக்கின்றனவாம். நம் சப்பை டேங்க்கும் அதில் ஒன்று. அதற்குப் பிறகு அவர் சொன்ன எண்ணை நான் சரிபார்த்ததே இல்லை. போனில் வந்த எண்ணை அப்படியே தகட்டுக் கடைக்கு அனுப்பினேன். நீங்கள் எல்லாம் மூடிக்காகக் காத்திருந்தபோது நான் விலை சொல்லி ஆர்டரை வாங்கினேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

வாய்த் துடுக்கு அதிகம். ஒரு தடவை அவசரத்தில் அளவை மட்டும் சொல்லிவிட்டு எண் கேட்டேன். "உள்ளளவா, வெளியளவா? தகடு என்ன தடிமன்? பாதிக் கேள்வி கேட்டுட்டு முழுப் பதில் கேக்குறீங்களேண்ணே" என்று போனை வைத்துவிட்டார். நான் கோபத்தில் திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. தடிமனை மெசேஜில் போட்ட பிறகுதான் எண் வந்தது. இன்று எந்த வாடிக்கையாளரிடம் அளவு கேட்டாலும் முதலில் அந்தக் கேள்விதான் என் வாயில் வருகிறது.

நோய் வந்தது இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே அடி. ரெஜினாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சரியில்லை. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்க முடியாமல் வேலையை விட்டவர். வீட்டில் சம்பாதித்தது அக்கா ஒருவர்தான். அந்த நேரம் பார்த்து ஜெசியின் லேப்டாப்பும் ஒருநாள் அணைந்து, பிறகு எரியவே இல்லை. அதோடு கணக்கும் போயிற்று.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் தலையணையை அண்டக் கொடுத்துப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது.

"ரெஜினாவுக்காக எழுதுறேண்ணே. போன்ல பழைய மொழி தோதுப்படாது. பைத்தான்ல எழுதுறேன், வேற மொழி, வேற நூலகம். அகலம், உயரம், தடிமன் போட்டா எண் வந்துரணும். அவ வேற எதையும் தொட வேண்டாம்."

"மருந்துக் களைப்புல இதெல்லாம் வேணுமா?"

"வேற யாரு செய்வா? எனக்கு இன்னும் ஒரே ஒரு மாசம் வேணும்ணே. அதை எந்தக் கடையில கேக்கட்டும்?"

எதைக் கேட்டாலும் எங்கே கிடைக்கும் என்று சொல்லக்கூடியவன் என்று எனக்கு ஊரில் பெயர்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார். "ரெண்டு ஓரத்துலயும் பாத்துட்டேன். முழு வட்டம் குடுத்தா பை கணக்கோட புள்ளிக்குப் பின்னாடி வரைக்கும் ஒத்துப்போகுது. ஒரேயடியா நசுங்கி, உயரமே இல்லாம தகடு ரெண்டா மடிஞ்சு கிடந்தா அகலத்தைப் போல ரெண்டு மடங்கு வரணும். வருது." நானும் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

அன்றே விலை பேசினோம். மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடு என்றேன்.

"மொத்தமா வாங்கினா இவ ஒரு வருசம் சாப்பிடுவா. டேங்குக்கு இவ்வளவுன்னு பேசினா நீங்க இருக்குற வரைக்கும் சாப்பிடுவா."

"நானும் போயிட்டா?"

"நீங்க எங்க போவீங்க? ஊருல பாதிப்பேரு இன்னும் உங்ககிட்ட ஏமாறாம இருக்காங்க."

ரெஜினாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டேங்குக்கு ஆயிரம் என்றார். ஐந்நூறு என்றேன். ஒரு டேங்க் முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்று எழுந்து வந்தேன்.

அந்த ஒரு டேங்க் தொப்பம்பட்டி செல்லமுத்துவுடையது. ஊர் ஊராகப் பால் எடுப்பவர். எனக்குப் பழக்கமான ஆள், நல்ல ஆர்டர். ரெஜினா தன் கையால் போட்டு அனுப்பிய முதல் எண்ணை நான் வழக்கம்போல் தகட்டுக் கடைக்கு அனுப்பினேன். தகடு வந்தது, ரோலிங்கில் வளைத்தோம், மூடியில் கொண்டுபோய் வைத்தோம். சேரவில்லை. ஒன்றரை அடி வாய் பிளந்து நின்றது.

மொக்கைச்சாமி அண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நாலு விரல் என்றால் சமாளிக்கலாம். ஒன்றரை அடியை என்ன செய்வது? செல்லமுத்து அன்றைக்கென்று வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்துவிட்டார்.

"ஏனுங்க, இடையில ஒரு துண்டு வச்சு ஒட்டிப்போடுவீங்களாட்ட இருக்குது?"

"ஒட்டினாலும் உள்ளே மெழுகின மாதிரி தேய்ச்சுத் தந்துருவேன்."

"வேண்டாமுங்க. ஒட்டுப் போட்ட எடத்துல பால் தங்கும், தங்குனா புளிக்கும். நீங்க கோவிச்சுக்காதீங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகவே போய்விட்டார்.

நான் நேராக நாகல் நகர் போனேன். பிற்பகல் வெயில். ரெஜினா கேட்டிலேயே மறித்தார். நான் போனில் பாதி சொல்லியிருந்தேன்.

"அக்காகிட்டச் சொல்லாதீங்கண்ணே. எல்லாம் சரியா முடிச்சிட்டோம்னு இன்னைக்குத்தான் தூங்குது."

"சொல்லலைன்னா அந்தப் போன்ல இருக்குறது குப்பை, தாயி. தப்பு வர்ற கணக்குக்கு நான் காசு தர மாட்டேன். வேற எவனும் தர மாட்டான். அதைச் சரி பண்ண உங்கக்காவை விட்டா ஆள் இல்லை. அவங்களுக்கும் நாள் இல்லை. நீயே சொல்லு, நான் உள்ளே போகவா, வீட்டுக்குப் போகவா?"

ரெஜினா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் சோறு அந்தப் போனில் இருந்தது. அக்காவின் தூக்கமும் அதில்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து வழியை விட்டார்.

சொன்னேன். ஜெசி கண்ணை மூடிக்கொண்டார். "ஒன்றரை அடியா?" என்று மட்டும் கேட்டார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். கண் பார்வை நிலைக்கவில்லை; ரெஜினா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நடுவிலேயே ஜெசி தூங்கிப்போனார். நாங்கள் காத்திருந்தோம். விழித்ததும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். மறுபடியும் தூங்கினார். பழைய லேப்டாப் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அதுவும் இல்லை. அன்று முழுக்க இப்படியே போயிற்று. மறுநாளும். ஒரு தடவை விழித்தவர் அழுதார். வலியில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. "எல்லா வரியும் சரியா இருக்குண்ணே. எங்கே போய்த் தேடுவேன்? மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் நான் மொக்கைச்சாமி அண்ணனைப் பட்டறையில் நிற்க வைத்து என் போனில் பேச விட்டேன். கிடந்த பழைய மூடிகளுக்கெல்லாம் அவர் கம்பி சுற்றி அளவு சொல்ல, ரெஜினா அதே அகலம் உயரத்தைப் போட்டு வந்த எண்ணைச் சொன்னார். எல்லாம் குறைவு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"வட்ட மூடி ஏதாச்சும் இருக்கா அண்ணே?" என்றார் ஜெசி, சத்தமே இல்லாமல்.

இருந்தது. அதற்கு மட்டும் ஒத்துப்போயிற்று.

ஜெசி கூரையைப் பார்த்தபடி கிடந்தார். உதடு அசைந்தது. "ரெண்டு ஓரமும் சரி. நடுவுல மட்டும் தப்பு." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிதற்றுகிறார் என்று நினைத்து ரெஜினா நெற்றியில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஜெசி சொன்னார்: "பூஜ்யம், ஒண்ணு. ஏடி, ரெஜி! வர்க்கம்!"

எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன். ஒரு டேங்க் எவ்வளவு சப்பை என்பதற்கு ஓர் எண் உண்டு. முழு வட்டத்துக்கு அது பூஜ்யம். ஒரேயடியாக நசுங்கினால் ஒன்று. நாம் செய்யும் டேங்க் எல்லாம் இரண்டுக்கும் நடுவில். பழைய நூலகம் அந்த எண்ணையே கேட்கும். புது நூலகம் அதே கணக்குக்கு, அதே எண்ணை அதனாலேயே ஒரு தடவை பெருக்கி, வர்க்கமாக்கிக் கொடுக்கச் சொல்லும். இரண்டும் சரி, கேட்கும் விதம்தான் வேறு. வருடக்கணக்காகக் கூப்பிட்ட பழக்கத்தில் ஜெசி பெருக்காமல் கொடுத்துவிட்டார். பூஜ்யத்தைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான், ஒன்றைப் பெருக்கினாலும் ஒன்றுதான். அவர் சோதித்துப் பார்த்த இரண்டே இடங்களில் மட்டும் அந்தத் தப்பு தெரியாது.

எந்த வரி என்று அவர் சொல்ல, ரெஜினா ஒரு பெருக்கலைச் சேர்த்தார். இரண்டு தடவை அழித்து எழுதினார். மொக்கைச்சாமி அண்ணன் அந்தப் பக்கம் எண்ணைக் கேட்டுவிட்டு, "ஆங், இப்ப அரைஞாண் சேருது" என்றார். ஜெசி சிரிக்க முயன்றார். இருமல்தான் வந்தது.

"ஓரத்துல எல்லாமே சரியாத்தாண்ணே இருக்கும். நடுவுல பாக்கணும். நான் பாக்கலை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குறைஞ்ச தகடு என்ன ஆச்சு?"

"சுவத்துல சாஞ்சு நிக்குது."

"அதுக்கு ஏத்த சின்ன டேங்க் பண்ணிருங்க. ரெஜி, அகலத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் போட்டுப் பாரு. தகட்டு நீளம் வர்ற எடத்துல நிறுத்து." ரெஜினா போட்டுப் போட்டுப் பார்த்தார். அந்த அளவுக்கு மூடி சொல்லி அனுப்பினேன். மூச்சு வாங்க, "அப்ப ஆயிரம்தானே?" என்றார் ஜெசி. "அறுநூறு" என்றேன். செத்துக்கொண்டிருப்பவரிடம் பேரம் பேசினானா என்று கேட்பவர்களுக்கு ஜெசியைத் தெரியாது. கேட்டதும் கொடுத்திருந்தால் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார். "தொள்ளாயிரம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ரெஜினாவின் போன் வந்த செவ்வாய்க்கிழமை லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவை அந்தச் சின்ன மூடிகள்தான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகப் பட்டறைக்குத்தான் வந்தோம். மொக்கைச்சாமி அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தத் தகட்டைக் கொண்டுபோய் மூடியில் வைத்தார். சேர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரிடம் சொல்வது? இந்த மாதிரிச் செய்தியைச் சொல்ல நான் கூப்பிடும் போன் நம்பர் ஒன்றுதான்.

இரங்கல் என்றால் ஆறுதலாக எழுத வேண்டும் என்று சொன்னார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. அந்தக் கணக்கில் இன்னொரு தப்பு ஒளிந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ரெஜினாவுக்கும் தெரியாது. அந்தப் போன் பழுதானால் என்ன செய்வது என்று தெரியாது. நாளைக்கு ஒருவர் வந்து, மூலை மழுங்கின பெட்டி மாதிரி டேங்க் வேண்டும் என்று கேட்டால், அதற்கும் அந்த நூலகத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைச் சரியாகக் கூப்பிட ஆள் இல்லை. கூப்பிடத் தெரிந்தவர் நாகல் நகரில்தான் இருந்தார், நாம் அவரிடம் டேங்க் அளவு மட்டும் கேட்டோம்.

நடுவில் பார்க்க வேண்டும் என்று ஜெசி சொன்னதற்காக நான் வைத்துக்கொண்டது ஒரு பழைய சப்பை மூடி. வட்டமும் இல்லை, நசுங்கலும் இல்லை, நடுத்தரம். பட்டறை வாசலில் சங்கிலியில் மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு சுருள் கட்டுக்கம்பி. தகடு சொல்லும் முன் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும், நான் உட்பட.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும் ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா தொள்ளாயிரத்துல நிறுத்துச்சு" என்றார். "நான் அறுநூறுல நிறுத்தினேன்" என்றேன். "எனக்கு ஆட்டோ செலவு இருக்குண்ணே" என்றார். குரல் அப்படியே அக்கா குரல். பேசி முடித்தோம். ஒரு டேங்குக்கு எண்ணூறு ரூபாய், எண் கொடுத்த அன்றே. ஒவ்வொரு தடவையும் ரெஜினா நேரில் வந்து, வாசலில் மாட்டியிருக்கும் மூடியின் அளவைப் போட்டு, கம்பியோடு ஒப்பிட்ட பிறகே எண் சொல்ல வேண்டும். ஆட்டோ செலவு என்னுடையது. அதையும் மீறித் தப்பானால், தகட்டு நஷ்டம் என்னுடையது.